பிளேட்லெட் குறைவு, கூடவே ஸ்டென்ட்: வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் இரண்டு லேப்கள் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வருடத்துக்கு ஒரு தடவை சுகர், கொழுப்பு பார்க்க லேப் தேடுகிறவர்களுக்கு இந்த ரிவியூவில் பெரிதாக ஒன்றும் இல்லை, எங்கே ஆஃபர் ஓடுகிறதோ அங்கேயே போய்க்கொள்ளலாம். பிளேட்லெட் கோளாறும் இதய நோயும் ஒரே ஆளுக்கு இருக்கிற வீடுகளுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அப்படி. ஐடிபி என்று சொல்வார்கள், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை, அதாவது பிளேட்லெட்டை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே அடித்து அழித்துவிடும் நோய். ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டிய எண்ணிக்கை அம்மாவுக்குப் பல வருடமாக எழுபதாயிரம், எண்பதாயிரம் என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்குப் போன வருடம் மாரடைப்பும் வந்து, மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்து, அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆக ஒரு பக்கம் ரத்தக்கசிவு பயம், இன்னொரு பக்கம் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் பயம், நடுவில் ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75. இரண்டையும் தொடரலாமா, ஒன்றை நிறுத்தலாமா என்று டாக்டர் முடிவு செய்வதில் பெரும் பங்கு ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் சிபிசி ரிப்போர்ட்டுக்கு இருக்கிறது. அதனால்தான் லேப் விஷயத்தில் நான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

மதுரையில் நாங்கள் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தவை இரண்டு. ஒன்று ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய செயின் லேப், ஆப் உண்டு. இன்னொன்று எங்கள் ஏரியாவில் ஒரு பேத்தாலஜிஸ்ட் டாக்டரம்மா நடத்தும் சின்ன லேப், போர்டே பாதி மரத்துக்குப் பின்னால் இருக்கும். பெயர் போடவில்லை. செயின் லேபில் கலெக்‌ஷன் சென்டர் எடுத்து நடத்துகிற ஆள் மாறினால் தரமும் மாறிவிடும், சின்ன லேபின் பெயர் திருச்சிக்காரருக்கோ சேலத்துக்காரருக்கோ உதவாது.

லேபுக்குப் போகும் முன் ஒரு விஷயம், ஏனென்றால் இதை நம்பாதவர்கள் எங்கள் சொந்தத்திலேயே நிறைய பேர். “பிளேட்லெட் கம்மியா இருக்கவளுக்கு எப்படிப்பா அட்டாக் வரும், ரத்தம்தான் உறையவே உறையாதே” என்று பெரியப்பா ஐசியூ வாசலில் நின்றுகொண்டு கேட்டார். டெங்கு சீசன் வந்தால் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரிக்கிற ஊர் நம்முடையது, குறைந்தால் கசியும், ஏறினால் தப்பித்தோம் என்பதோடு நமக்குத் தெரிந்தது முடிந்துவிடுகிறது. ஐடிபியில் தட்டணுக்கள் சீக்கிரம் அழிந்துபோவதால் எலும்பு மஜ்ஜை புதிது புதிதாக, அளவில் பெரிய தட்டணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆள் குறைவு, ஆனால் இருக்கிற ஒவ்வொன்றும் சுறுசுறுப்பு. இதயக் குழாயில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு விரிசல் விட்டால் அதன் மேல் ரத்தக்கட்டி பிடிக்க இவையே தாராளம். நோய்க்குக் கொடுக்கிற மருந்தும் சும்மா இருப்பதில்லை, ஸ்டீராய்டை நாள்பட எடுத்தால் சுகரும் பிரஷரும் ஏறும், ஐவிஐஜி என்கிற மருந்துக்கும் எல்ட்ராம்போபேக் போன்ற எண்ணிக்கையை ஏற்றிவிடும் மாத்திரைக்கும் ரத்தக்கட்டி வரும் ஆபத்து உண்டு என்று மருந்தோடு வரும் தாளிலேயே எச்சரிக்கை இருக்கும். பெரியப்பாவுக்கு இதையெல்லாம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார், அவர் தலையாட்டினார், இன்றுவரை நம்பவில்லை.

சரி, செயின் லேப். நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். காலை ஆறரைக்கு ஸ்லாட் போட்டால் ஆறரைக்கு பெல் அடிக்கிறது, பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண் ஊழியர் வேண்டுமென்று கேட்டால் அனுப்புகிறார்கள், ஊசி பாக்கெட்டை நம் கண் முன்னால்தான் பிரிக்கிறார்கள், மத்தியானத்துக்குள் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. பணம் ஜிபேயில் போய்விடும். அண்ணன் துபாயில் இருந்தபடி ஆப்பைத் திறந்து அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நான் பார்ப்பதற்குள் போன் அடித்துவிடுவான், அது நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ரத்தம் எடுக்கிற விதம் இருக்கிறதே. கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் ரத்தம் எடுக்க வந்த தம்பி ஸ்டிக்கரைத் தேடுவார், டியூபில் ஒட்டுவார், அதை ஆப்பில் போட்டோ எடுப்பார், ஓடிபி கேட்பார், நான் போனைத் தேடி எடுத்து ஓடிபி சொல்வதற்குள் அம்மாவின் முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்துவிடும். பிளேட்லெட் குறைவான கையில் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தால் இப்படித்தான் ஆகும். எடுத்து முடித்ததும் ஒரு பஞ்சை வைத்து “கையை மடக்கிக்கோங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட்டம். மடக்கிய கைக்குள் ஊசித் துளை மூடாமல் உள்ளுக்குள்ளேயே கசியும், சாயங்காலம் பார்த்தால் கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்றல். இரண்டு மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்குக் கையை நீட்டி வைத்து, ஐந்து நிமிடமாவது விடாமல் விரலால் அழுத்த வேண்டும். புக் செய்யும்போது குறிப்பு எழுத ஆப்பில் இடம் இருக்கிறது, நான் ஒவ்வொரு தடவையும் எழுதினேன், வந்தவர் யாரும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, பத்து மணிக்குள் அத்தனை வீடு முடிக்கச் சொன்னால் யாருக்குத்தான் படிக்க நேரம்.

இதோடு போயிருந்தால் மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆப்பில் சிவப்பு எழுத்தில் 22,000 என்று வந்தது.

அம்மாவுக்கு இதய டாக்டர் எழுதிக் கொடுத்த கோடு 50,000. அதற்குக் கீழே போனால் உடனே கூப்பிடுங்கள், எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் கையெழுத்தோடு எழுதியிருக்கிறார். ஸ்டென்ட் வைத்து அப்போது அதிக நாள் ஆகவில்லை, புது ஸ்டென்ட் உள்ளே இருக்கும்போது மாத்திரையைச் சட்டென்று விட்டால் அந்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி அடைத்து இன்னொரு அட்டாக், முதல் அட்டாக்கைவிட மோசமாக வரலாம். மாத்திரையைத் தொடர்ந்தால், நிஜமாகவே 22,000 என்றால், வயிற்றிலோ மூளையிலோ கசியலாம். அம்மா வழக்கம்போல அமைதியாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார், பெரியம்மா போனில் பப்பாளி இலைச் சாறு என்கிறார், அண்ணன் துபாயிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜ். லேபின் கால் சென்டருக்குப் போன் செய்தால் ஒரு பெண் மிக மரியாதையாக, “மெஷின் ரிசல்ட் சார், டவுட் இருந்தா மறுபடி புக் பண்ணிக்கோங்க, இருபது பர்சென்ட் டிஸ்கவுன்ட் போட்டுத் தர்றேன்” என்றார். டிஸ்கவுன்ட்!

டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் முழு ரிப்போர்ட்டையும் அனுப்பினேன். அவர் இரண்டாம் பக்கத்தின் அடியைப் பார்க்கச் சொன்னார். எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி: பிளேட்லெட் கொத்துகள் காணப்படுகின்றன, நேரடிப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். முதல் பக்கத்தில் சிவப்பில் பயமுறுத்தும் எண், அந்த எண்ணை நம்ப வேண்டாம் என்கிற வரி கடைசிப் பக்கத்தின் மூலையில், ஆப்பின் திரையிலோ அந்த வரியே இல்லை. யாராவது ஒருவர் இதை எழுதியிருக்கிறார் அல்லவா, அவர் ஒரு போன் செய்திருக்கலாம். எனக்கு இருக்கிற ஒரே பெரிய குறை இதுதான், மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்வேன்.

சாயங்காலமே சின்ன லேபுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா ஊதா மூடி டியூபோடு நீல மூடி டியூபையும் எடுக்கச் சொன்னார். சிபிசிக்கு எடுக்கும் ஊதா மூடி டியூபுக்குள் ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற மருந்து இருக்கும். ஆயிரத்தில் ஒருவர் போலச் சிலருக்கு அந்த மருந்தே தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும், மெஷின் ஒரு கொத்தை ஒன்றாகவோ, தட்டணுவே இல்லை என்றோ எடுத்துக்கொள்ளும், எண்ணிக்கை பாதாளத்துக்குப் போகும். உடம்புக்குள் எல்லாம் சரியாகவே இருக்கும், டியூபுக்குள் மட்டும்தான் குறைவு. நீல மூடியில் இருப்பது சிட்ரேட், அதில் பெரும்பாலும் இப்படி ஒட்டாது. இது தவிர ஐடிபியில் வரும் பெரிய தட்டணுக்களைச் சாதாரண மெஷின் சிவப்பணு என்று நினைத்துத் தள்ளிவிடுவதும் உண்டு, அங்கேயும் எண்ணிக்கை குறைவாகத்தான் காட்டும்.

மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தம், நடுவில் வெளிர் சிவப்பில் வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள், அவற்றுக்கு இடையே தூள் தூளாக ஊதாப் புள்ளிகள், அவைதான் தட்டணு, ஒன்றிரண்டு சிவப்பணு அளவுக்கே பெரிதாக இருந்தன. தகட்டை ஓரத்துக்கு நகர்த்தினார், அங்கே இருபது முப்பது புள்ளிகள் ஒன்றாக அப்பிக்கொண்டு திட்டாக நின்றன. “மெஷினுக்கு இது தெரியாதுல்ல” என்றார். எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸில், ஒரு வட்டத்துக்குள் தெரிகிற ஒவ்வொரு தட்டணுவுக்கும் பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரம் என்று கணக்காம், அம்மாவுக்கு வட்டத்துக்கு நாலு, ஐந்து. நீல மூடி டியூபில் மெஷின் 71,000 காட்டியது, அந்த டியூபில் பத்தில் ஒரு பங்கு திரவம் இருப்பதால் 1.1-ஆல் பெருக்கி 78,000 என்று எழுதினார். அதாவது அம்மாவின் வழக்கமான எண்ணிக்கைதான். டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொன்னார், அன்று ராத்திரி எல்லோரும் சாப்பிட்டோம்.

டாக்டரம்மா கொடுத்த ரிப்போர்ட்டில் முதல் வரியாகவே எழுதியிருந்தது: இடிடிஏ டியூபில் கொத்து சேருகிறது, இனி சிட்ரேட் டியூபிலும் எடுக்கவும், ஸ்மியர் (தகட்டில் தேய்த்த ரத்தம்) பார்க்காமல் எண்ணை வெளியிட வேண்டாம். அவர்கள் கம்ப்யூட்டரில் அம்மாவின் பெயரைத் தட்டினாலே இது வந்துவிடும். ரத்தம் எடுக்க வருகிற அக்கா கையை நீட்டச் சொல்லித் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஐந்து நிமிடமும் அம்மாவோடு தெருவில் தண்ணீர் வராத கதை பேசிவிட்டுத்தான் கிளம்புவார். கன்றல் வருவதே இல்லை.

எண் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரவே கூடாது என்பதற்கு டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். ஆஸ்பத்திரியில் இதயத்துக்காக, ரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரின் போட்டவர்களில் சிலருக்கு, ஆரம்பித்த ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் பிளேட்லெட் பாதியாகச் சரியும், அங்கே ஆபத்து கசிவு கிடையாது, ரத்தம் ஆங்காங்கே கட்டிக்கொள்வதுதான், ஹெப்பாரினை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். டிடிபி என்ற இன்னொரு நோயில் உடம்பு முழுக்கச் சின்னக் குழாய்களில் கட்டி சேர்ந்து அதிலேயே தட்டணுக்கள் செலவாகிவிடும், இதயமும் அடிபடும், எண்ணிக்கை குறைவு என்று பார்த்து அவசரப்பட்டுப் பிளேட்லெட் ஏற்றினால் நிலைமை கெடலாம், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றுவதுதான் வைத்தியம். அந்த நோயைத் தகட்டில் உடைந்த சிவப்பணுத் துண்டுகளை வைத்துச் சந்தேகப்படுவார்களாம். ஒரே 22,000-க்கு எத்தனை பொருள் பாருங்கள். ஸ்மியர் பார்க்காத லேபுக்கு இதில் எதுவும் தெரியப் போவதில்லை.

எங்கள் ஆபீஸில் ஒருவருக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, தட்டணுக்கள் ஒன்பது லட்சம். எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா என்று பெயர், ஜாக்2 என்ற மரபணுவில் மாற்றம். நாற்பது வயதுகூட ஆகாமல் நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ செய்தபோது குழாயில் கொழுப்பு அடைப்பு பெரிதாக இல்லை, ரத்தக்கட்டிதான் இருந்தது, அப்புறம் சிபிசியைத் திருப்பிப் பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடித்தார்கள். ஹைட்ராக்ஸியூரியாவும் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். அவர் அனுபவம் வேறொரு லேபில். பொட்டாசியம் 6.1 என்று வந்து, இதயம் நின்றுவிடும் என்று பதறி எமர்ஜென்சிக்கு ஓடியிருக்கிறார், ஈசிஜி சாதாரணம். ரத்தம் உறையும்போது தட்டணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கொட்டும், லட்சக்கணக்கில் அதிகமாக இருக்கிறவருக்கு உறைந்த ரத்தத்தில் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். ரத்தம் உறையாத பச்சை மூடி டியூபில் எடுத்தபோது 4.4, அதாவது சாதாரணம். இப்போது புக் செய்யும்போதே அந்தப் பச்சை மூடி டியூப் கொண்டுவரச் சொல்கிறார். பத்து லட்சத்தைத் தாண்டினால் ஆஸ்பிரினே ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம் என்பதால் அவருக்கும் எண்ணிக்கை சரியாக இருந்தாக வேண்டும்.

இன்னொரு எரிச்சல், அலகு. ஒரு லேப் 78 என்று போடும், ஒரு லேப் 0.78 லட்சம் என்று போடும், இன்னொன்று 78,000. மூன்றும் ஒன்றுதான். செயின் லேபின் ஆப் வெளி ரிப்போர்ட்டை ஏற்றினால் அலகைக் கவனிக்காமல் கிராஃப் போட்டு, அம்மாவின் எண்ணிக்கை 78,000-இலிருந்து 78-க்கு விழுந்ததாக மலை உச்சியிலிருந்து கோடு இழுத்துக் காட்டுகிறது. நான் கிராஃபைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, எண், எந்த மூடி டியூப் என்று எழுதி வைக்கிறேன், டாக்டரும் அதைத்தான் விரும்புகிறார்.

அப்புறம் அந்த ‘ஹார்ட் பேக்கேஜ்’. சிபிசி புக் செய்யப் போனால் போதும், வைட்டமின் டி, இரும்பு, எலும்பு, எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம், இன்றைக்கு மட்டும் என்று திரும்பத் திரும்பத் திரை வரும். அதில் ட்ரோபோனினும் இருந்தது, நெஞ்சுவலி இருந்தால் வீட்டிலிருந்தே பரிசோதிக்கலாம் என்ற வாசகத்தோடு. இதை மட்டும் தயவுசெய்து யாரும் நம்பாதீர்கள். ட்ரோபோனின் இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் பொருள், அதை ஆஸ்பத்திரியில் ஈசிஜியோடு சேர்த்து, சில மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை பார்ப்பார்கள். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டும், காலை ஸ்லாட்டுக்குக் காத்திருக்கிற விஷயம் அது கிடையாது. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுக்கிறார்கள். பிளேட்லெட் கோளாறு உள்ளவர் அதை வாயில் போடுவதற்கு முன்னால் தன் நோயையும் கடைசி எண்ணிக்கையையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறோம், அதில் நோயின் பெயர், ஸ்டென்ட் வைத்த மாதம், சாப்பிடும் மாத்திரை, கடைசி எண்ணிக்கை, இடிடிஏ கொத்து என்கிற குறிப்பு எல்லாம் இருக்கிறது.

புதிதாக லேப் தேடுகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்குக் கீழே வந்தால் தகட்டைப் பார்க்காமல் ரிப்போர்ட் அனுப்புவீர்களா, பார்த்தால் போன் செய்வீர்களா? பதிலில் தடுமாற்றம் இருந்தால் அடுத்த லேபைப் பாருங்கள். எடுத்த ரத்தம் எத்தனை மணிக்கு மெஷினுக்குப் போகும் என்பதையும் கேட்கலாம், ஆறரைக்கு எடுத்த டியூப் பையிலேயே ஊரைச் சுற்றிவிட்டுப் பத்தரைக்குப் போய்ச் சேர்கிற லேப்களும் உண்டு. எடுத்ததும் டியூபை எட்டுப் பத்து தடவை மெதுவாகத் தலைகீழாக்கிக் கலக்க வேண்டும், அதையும் கவனியுங்கள். சும்மா பைக்குள் போட்டால் அடியில் சின்னதாக உறைந்து, அதிலும் எண்ணிக்கை குறையும்.

சின்ன லேபிலும் குறை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்டு. டாக்டரம்மா ஊருக்குப் போனால் ஸ்மியர் கிடையாது, அதை அவர்களே சொல்லிவிடுவார்கள். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் கேமராவில் எடுத்த படமாக வரும், சில சமயம் மேஜை மேல் இருக்கும் டீ கிளாஸும் சேர்ந்து. சிபிசி 350, ஸ்மியருக்கு 150 தனி, வீட்டுக்கு வர 100. செயின் லேபில் ஆஃபர் நாளில் இதில் பாதிகூட ஆகாது. லிஃப்ட் இல்லை, முதல் மாடி, முழங்கால் வலிக்காரர்கள் வீட்டுக்கே வரச் சொல்லிவிடுவது நல்லது.

செயின் லேபுக்கு இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று நேரம் தவறாமைக்கு. அப்பாவின் சுகருக்கு இன்னும் அவர்களைத்தான் கூப்பிடுகிறோம். சின்ன லேபுக்கு நாலரை. அரை நட்சத்திரம் குறைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்கு.